உப்புப் பார்த்தவள்

எங்கள் மெஸ்ஸில் உப்புப் பார்ப்பது என் வேலை. சம்பளம் கிடையாது, விடுமுறையும் கிடையாது. அந்த வேலையைச் செய்துகொண்டே நான் பட்டினி கிடந்து சாகப் பார்த்தேன். வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. யாரையும் குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. எங்கள் வீடு இருந்த இருப்பில் தெரிந்துகொள்ள வழியில்லை.

ஐம்பதுகளின் கடைசி அது. சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கீழே சமையலறையும் சாப்பிடும் கூடமும், மேலே அப்பா, அம்மா, நான் மூவரும் படுக்க இரண்டு அறைகளும். துறைமுகத்து ஆட்கள், நகராட்சி ஆட்கள், ஒன்றிரண்டு குமாஸ்தாக்கள் என்று மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆண்கள் மாதச் சாப்பாட்டுக்கு எங்களிடம் இருந்தார்கள். விடிந்ததும் அப்பா தேக்கா பாசாரில் மீனும் காய்கறியும் வாங்கி வருவார். அம்மா சமைப்பாள். மதியம் வாழை இலை போட்டுப் பந்தி நடக்கும்.

அப்பாவுக்கு நாக்கு செத்துப்போயிருந்தது. கண் விழித்ததிலிருந்து வெற்றிலையும் புகையிலையும் வாயில் அடக்கிவைத்திருக்கிற மனிதருக்கு உப்பும் தெரியாது, புளிப்பும் தெரியாது. அம்மாவோ என்னைப் பெற்ற கையோடு ஏதோ வேண்டுதலில் மீன், கறி சாப்பிடுவதை விட்டுவிட்டாள். சமைப்பாள், எதையும் வாயில் வைக்கமாட்டாள், அவளுக்கு மோர்ச்சோறே போதும். ஆக, மீன் குழம்பில் உப்புச் சரியா என்று சொல்ல அந்த வீட்டில் மிச்சமிருந்த நாக்கு என்னுடையது மட்டும்தான். கரண்டியை உயரத் தூக்கி என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விடுவார்கள். கரண்டி கையில் பட்டால் எச்சிலாகிவிடும். நான் நக்கிப் பார்த்துவிட்டு "பத்தல" என்பேன், இல்லை "சரி" என்பேன், இல்லை "கூட" என்பேன். அதற்கு மேல் பேச்சில்லை. குழம்பு, ரசம், கூட்டு, கீரை என்று காலை முழுக்க என் கை ஈரமாகவே இருக்கும். சாப்பிட வருகிறவர்கள் கூட, பாப்பா நாக்கு தராசு என்று கேலியும் பாராட்டுமாகச் சொல்வார்கள்.

எப்படித் தொடங்கியது என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் ஏமாற்றம்தான் இருக்கிறது. இந்த நோயைப் பற்றி இப்போது நிறைய எழுதுகிறார்கள். பத்திரிகைப் படங்களைப் பார்த்துப் பெண்கள் தங்களைப் பட்டினி போட்டுக்கொள்கிறார்கள் என்று படிக்கும்போது எனக்கு எரிச்சல் வரும். என்னை யாரும் குண்டு என்று சொன்னதில்லை. எங்கள் தெருவில் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தால்தான் பெண்ணுக்கு மதிப்பு. காதல் இல்லை, அடி உதை இல்லை. பள்ளிக்கூடத்தை விட்டு நின்று, பதினாறு வயதில் அடுப்படியில் அம்மாவோடு நின்றேன். அவ்வளவுதான்.

ஒரு நாள் பந்தி முடிய வெகு நேரமாகிவிட்டது. சமைத்தவர்கள் கடைசியில், நின்றுகொண்டே, சட்டியில் மிஞ்சியதை வழித்துப் போட்டுச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். உட்கார்ந்து சாப்பிட எங்களுக்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை. அன்று எனக்குச் சாப்பிடத் தோன்றவில்லை. மேலே போய்ப் படுத்துவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை. எழுந்தபோது வயிறு காலியாக, தலை லேசாக, உள்ளே ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தது. கீழே பாத்திரச் சத்தம், இலைக்குச் சண்டை, "சோறு கொண்டாங்க" என்ற கூச்சல். எனக்குள் ஒன்றுமில்லை. அது பிடித்துப்போயிற்று. மறுநாளும் அப்படியே செய்தேன்.

பிறகு அது தானாக வளர்ந்தது. தோசையைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் பரப்பிவிட்டால் தின்ற மாதிரி இருக்கும். பின்சந்துப் பூனைகள் என் பங்குச் சோற்றைத் தின்று கொழுத்தன. கோப்பி மட்டும் குடிப்பேன், அதிலும் பாதிதான். இதையெல்லாம் ஒளித்துச் செய்ய நான் பெரிதாகப் பாடுபடவும் இல்லை. காலை முழுக்க எதையாவது நக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிற பெண்ணைச் சாப்பிடாதவள் என்று யார் நினைப்பார்கள்? சாப்பிட வருகிற யாராவது "பாப்பா மெலிஞ்சுகிட்டே போகுதே" என்று கேட்டால் அம்மா சிரிப்பாள்.

"சமைக்கிறவங்களுக்கு வாசனையிலயே வயிறு நெறஞ்சிடும். எனக்கே அப்படித்தான். இவளுக்கு உப்புப் பாத்தே பாதி வயிறு நெறஞ்சிருக்கும்."

அம்மா அதை நம்பிச் சொன்னாள். நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிற பேச்சு அது. சொல்லிவிட்டு அவர்கள் ஒரு வாய் சாப்பிட்டுவிடுவார்கள். நான் சாப்பிடவில்லை.

சிங்கப்பூர் வெயிலில் எனக்குக் குளிர ஆரம்பித்தது. எல்லாரும் விசிறிக்கொண்டு திரிகையில் நான் விறகடுப்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். அடுப்படியை விட்டு நகராத பொறுப்பான பெண் என்று அம்மா அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். தலை சீவினால் முடி கொத்தாக வந்தது. கைகளில் பூனைமுடி மாதிரி ஒன்று மெல்ல வளர்ந்தது. இதற்கெல்லாம் நான் பயந்திருக்க வேண்டும். பயம் வரவில்லை. கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அந்த வருடத் தைப்பூசத்துக்கு டேங்க் ரோட்டுக் கோயில் வாசலில் அம்மாவோடு நின்றேன். அலகு குத்திக் காவடி எடுத்தவர்கள் எங்கள் முகத்துக்கு நேரே ஆடிக்கொண்டு போனார்கள். அம்மா கண்ணீர் விட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கால் வலித்தது. அதுவும் வேறு யாருக்கோ வலிப்பது போலத்தான் இருந்தது.

அம்மா கவனித்த ஒரே விஷயம் வேறு. மாதவிலக்கு நின்றுபோயிருந்தது. தனிக்கட்டை ஆண்கள் இத்தனை பேர் வந்துபோகிற வீட்டில் வயசுப்பெண்ணுக்கு அது நின்றால் தாய்க்கு என்ன நினைப்பு வரும்? அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முகம் வெளிறிப்போய் நடமாடினாள். ஒரு பிற்பகல், துணி எடுக்கப் போகிறோம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, பஃப்பலோ ரோட்டுப் பக்கம் பிரசவம் பார்க்கிற ஓர் அம்மாளிடம் என்னை அழைத்துப்போனாள். அந்த அம்மாள் என்னைப் படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"இதுல ஒண்ணும் இல்ல. வயிறு முதுகோட ஒட்டிக் கெடக்கு. பொண்ணுக்குச் சோறு போடுறீங்களா இல்லையா?"

"நாங்க மெஸ் வச்சிருக்கோம்க்கா," என்றாள் அம்மா.

இருவரும் சிரித்தார்கள். அம்மாவின் சிரிப்பு நிற்கவே இல்லை, அப்படி ஒரு நிம்மதி. திரும்பும் வழியில் எனக்கு நிஜமாகவே ஒரு பாவாடைத் துணி எடுத்துக் கொடுத்தாள். பொய் சொல்லி வந்தது மெய்யாகட்டும் என்று நினைத்தாளோ என்னவோ. அதற்குப் பிறகு என் உடம்பைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. பெரிய பயம் ஒன்று போய்விட்டால் சின்னப் பயம் கண்ணுக்குத் தெரியாது.

கடைசியில் என்னைக் காட்டிக்கொடுத்தது என் எலும்பு இல்லை, ரசம்தான்.

துறைமுகத்தில் டைம்கீப்பராக இருந்த ஒருவர் எங்களிடம் வெகுநாளாகச் சாப்பிடுகிறவர். சத்தம் போடாத மனிதர். அவர்தான் முதலில் சொன்னார்.

"அண்ணே, ரசம் இன்னிக்குக் கொஞ்சம் கடலா இருக்கு லா."

அப்பா சிரித்து மழுப்பினார். மறுநாள் சாம்பார். அதற்கடுத்து மீன் குழம்பு. ஆட்கள் இலையில் பாதியை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்கள். சிலர் பக்கத்துத் தெரு மெஸ்ஸுக்கு மாறினார்கள். ஒரு நாள் பந்தி முடிந்ததும் அப்பா அம்மா மேல் பாய்ந்தார்.

"கைய எங்க வச்சிருக்க? உப்ப அள்ளிக் கொட்டுறியா?"

"நான் அளவாத்தான் போடுறேன். ஒங்க பொண்ணுதான் பத்தல பத்தலங்குறா."

அப்பா என்னைக் கூப்பிட்டார். இரண்டு கிண்ணம் எடுத்து ஏதோ கலக்கினார். என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார்.

"இது?"

"சரியா இருக்கு."

இன்னொரு கிண்ணத்திலிருந்து ஒரு சொட்டு.

"இது?"

"சரியா இருக்கு."

முதல் கிண்ணத்தில் கை நிறைய உப்பு அள்ளிப் போட்ட தண்ணீர். இரண்டாவதில் வெறும் தண்ணீர். எனக்கு இரண்டும் ஒன்றுதான். உண்மையில் கொஞ்ச காலமாகவே எதிலும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "பத்தல" என்று சொல்லிச் சொல்லி ஏதாவது தெரிகிறதா என்று பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். பட்டினி கிடந்தால் நாக்கும் மரத்துப்போகும் என்று எனக்கு அப்போது தெரியாது.

அப்பா என் கையை விடவில்லை. அவருடைய கட்டைவிரலும் நடுவிரலும் என் மணிக்கட்டைச் சுற்றிப் போய், ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொளதொளவென்று தொங்கிய ரவிக்கைக் கைக்குள் தெரிந்த என் மேல்கையைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். தினமும் பார்க்கிற பெண்ணைப் பார்க்கிற மாதிரி இல்லை அது.

"என்னம்மா இது?" என்றார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குக் கடை திறக்கவில்லை.

அப்பாவுக்கு உடனே வந்த பயம் காசநோய். அந்தக் காலத்தில் மெலிந்தவர்களைக் கண்டால் எல்லாருக்கும் வருகிற பயம்தான். ஆனால் சாப்பாடு போடுகிற வீட்டில் காசநோய் என்று வெளியே தெரிந்தால் அன்றோடு கடையை மூட வேண்டியதுதான். ரிக்‌ஷாவில் மழைத் திரையை இறக்கிவிட்டு, வெயிலில், வேர்க்க வேர்க்க என்னை எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போனார். நுரையீரல் சுத்தம் என்றார்கள். அப்பாவும் அம்மா மாதிரியே சிரித்தார், அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு மெல்லக் குறைந்தது. காசம் இல்லையென்றால் பின்னே என்ன?

வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் எனக்கென்று ஓர் இலை போட்டார். அம்மாவை விலக்கிவிட்டு அவரே பரிமாறினார். எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஒரு வாய்ம்மா. அப்பாவுக்காக."

நான் ஒரு வாய் வைத்தேன். அது உள்ளே போகவில்லை. கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விழுங்க வேண்டும் என்று தெரிகிறது, தொண்டை திறக்கவில்லை. பிடிவாதம் என்று பெயர் வைப்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும். என்னிடம் பிடிக்க ஒரு பிடிமானமும் அப்போது இல்லை. அப்பா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழ ஆரம்பித்தார்.

"ஊருக்கே சோறு போடுறேன். ஒன் வாயில ஒரு உருண்டை எறக்க முடியலயேம்மா எனக்கு."

அப்பா அழுது அதுவரை நான் பார்த்ததில்லை. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இலையோரத்தில் ஓர் எறும்பு போய்க்கொண்டிருந்தது, அதைப் பார்த்தேன்.

அந்த வாரத்திலேயே அடுப்படியில் மயங்கி விழுந்தேன். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அங்கே என்னைப் பார்த்த டாக்டரம்மா யாழ்ப்பாணத்துக்காரர், சீமையில் படித்துவிட்டு வந்தவர். தமிழில் பேசுகிற டாக்டர் கிடைத்ததே பெரிய விஷயம் என்று அம்மா கும்பிட்டாள். அவர் பேசிய தமிழில் பாதி அம்மாவுக்குப் புரியவில்லை, அது வேறு. என் கைமுடியைத் தடவிப் பார்த்தார், நாடி பிடித்துப் பார்த்தார், கண்ணிமையை விலக்கிப் பார்த்தார்.

"பிள்ளை, உமக்குப் பசிக்கிறேல்லையோ?"

"தெரியல."

"இப்பிடியே விட்டா இதயம் நிண்டிடும். விளங்குதோ?"

விளங்கியது. என் இதயத்தைப் பற்றித்தான் சொல்கிறார் என்று தெரிந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நோய்க்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் சொன்னார். நரம்பினால் பசி கெட்டுப்போவது என்று அதற்கு அர்த்தமாம். அப்பா உடனே, நரம்பு என்றால் எண்ணெய் தேய்த்து நீவி விடலாமா என்று கேட்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. சீமையில் இந்த நோயைப் பற்றிப் படித்திருப்பதாகவும், இங்கே ஒரு தமிழ்ப் பெண்ணிடம் பார்ப்பது இதுவே முதல் தடவை என்றும் சொன்னார். அவருக்கு என்மேல் ஓர் ஆர்வம் இருந்தது. வைத்தியம் ஒரு பக்கம் நடக்க, கேள்விகள் ஒரு பக்கம் வந்துகொண்டே இருந்தன. வீட்டில் சண்டையா? கல்யாணப் பேச்சு வந்ததா? பெண்ணாக வளர்வது பிடிக்கவில்லையா? அம்மா ரொம்பக் கண்டிப்பா? நானும் கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன். ஒரு நாள் ஆமாம் என்றதற்கு மறுநாள் இல்லை என்பேன். அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"காரணம் பிறகு தேடலாம். வெறும் வயித்தோட மூளை ஒழுங்கா யோசிக்காது. முதல்ல சாப்பிடும். பிறகு ரெண்டு பேரும் சேர்ந்து தேடுவம்."

இத்தனை வருடத்தில் இந்த நோயைப் பற்றி நான் கேட்டவற்றில் உருப்படியான பேச்சு அது ஒன்றுதான்.

வைத்தியம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. படுக்கையை விட்டு இறங்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, கஞ்சியும் பாலும் முட்டையும் வரும். தட்டு காலியாகும்வரை ஒரு நர்ஸ் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அதட்டமாட்டார், கெஞ்சமாட்டார், நூல்கண்டும் ஊசியுமாக ஏதோ பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சாப்பிட்டதைக் கக்கிவிடக் கூடாதென்று அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் குளியலறைக்கு விடமாட்டார்கள். தூக்கம் வருகிற மாதிரி ஒரு மாத்திரை. எடை கூடும்வரை வீட்டார் யாரும் பார்க்க வரக்கூடாது. எடை பார்க்கும் நாளில் நான் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுப் போய் ஏறி நின்றேன். அதையும் கண்டுபிடித்தார்கள். பிறகு என் மேசையில் தண்ணீர்க் கூஜா இல்லை.

வரக்கூடாது என்று சொன்னால் அப்பா கேட்பாரா? தினமும் அடுக்குக் கேரியரில் சாப்பாடு எடுத்துக்கொண்டு வார்டு வாசல்வரை வந்துவிடுவார். உள்ளே விடமாட்டார்கள். கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப்போவது அவர் வழக்கமில்லை. ஆயாக்களிடம் கொடுத்துவிட்டுப் போவார். நான் உள்ளே ஒரு முட்டையோடு போராடிக்கொண்டிருந்த நாட்களில் எங்கள் வார்டு ஆயாக்கள் எல்லாரும் நன்றாகச் சதை போட்டார்கள்.

உடம்பு தேறியது. தேறியதில் எனக்குச் சந்தோஷம் இருந்ததா என்றால் சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் கஞ்சியை வாயில் வைத்ததும், "உப்பு பத்தல" என்றேன். சொன்னபிறகுதான் எனக்கே உறைத்தது. பின்னிக்கொண்டிருந்த சீன நர்ஸுக்குத் தமிழ் தெரியாது. குறை சொல்கிறேன் என்று மட்டும் புரிந்துகொண்டு முகத்தைச் சுளித்தார். டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவர் என் கன்னத்தில் லேசாகத் தட்டினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கு இல்லை.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் அப்பாவையும் அம்மாவையும் எதிரில் உட்காரவைத்துப் பேசினார்.

"இவவை அடுப்படிப் பக்கம் விடக்கூடாது. வேற ஏதும் படிக்க விடுங்கோ. வீட்டில ஒருத்தரும் இவவிட்டச் சாப்பாட்டைப் பற்றிக் கேக்கக் கூடாது. சாப்பிட்டனியோ எண்டும் கேக்கக் கூடாது. தட்டைப் பாக்கவும் கூடாது. கேக்கக் கேக்க, திரும்பவும் நிப்பாட்டிப் போடுவா."

அப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். அவர் வாயில் நாள் முழுக்கப் புரள்கிற சொல்லே "சாப்பிட்டியா"தான். தபால்காரரிடம் கேட்பார், குப்பை எடுக்க வருகிறவரிடம் கேட்பார், வழி கேட்டு வருகிறவனிடம் வழி சொல்வதற்கு முன்னால் அதைக் கேட்பார். அவருக்கு வேறு விதமாக அன்பு காட்டத் தெரியாது.

"கேக்கவே கூடாதுங்களா?"

"கூடாது."

"எதுவரைக்கும்ங்க?"

"நான் சொல்லும் வரைக்கும்," என்றார் டாக்டரம்மா. அடுத்த நோயாளி காத்திருந்தார்.

அப்பா எந்த டாக்டர் பேச்சையும் கேட்டவரில்லை. புகையிலையை விடச் சொல்லாத டாக்டர் இல்லை, அவர் விட்டதும் இல்லை. இதை மட்டும் கேட்டார். அன்றிலிருந்து என்னிடம் சாப்பாட்டுப் பேச்சே எடுக்கவில்லை. நான் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். அம்மா வாய் தவறி "இன்னும் ரெண்டு வாய்..." என்று ஆரம்பித்தால் கண்ணாலேயே அடக்குவார். உப்புப் பார்க்கப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். என்னைத் தட்டெழுத்துப் படிக்க அனுப்பினார்கள்.

அந்த மருந்து பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும். யாரும் கேட்காத வீட்டில் நான் மெதுவாக, மணி பார்த்து, பல் துலக்குகிற மாதிரி சாப்பிடக் கற்றுக்கொண்டேன். பசி என்று ஒன்று வந்து சாப்பிட்டதாக நினைவில்லை. சாப்பிட வேண்டும், சாப்பிட்டேன். நகரில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலையும் கிடைத்தது.

சில மாதங்கள் போனதும் அப்பா கேரியரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். எனக்குத் தெரியாமல்தான் போனார், அம்மா பிறகு சொன்னாள். இனிமேல் கேட்கலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்கப் போயிருக்கிறார். டாக்டரம்மா இல்லை. வேலையை விட்டுவிட்டுக் இலங்கைக்கே திரும்பிப் போய்விட்டார் என்றார்களாம். கேரியரை ஆயாக்களிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

"வேற டாக்டர் யாரையாச்சும் கேட்டிருக்கலாம்ல?" என்று அம்மா கேட்டதற்கு, "அவங்க சொன்னது. அவங்கதான் வாபஸ் வாங்கணும்," என்றாராம்.

அதோடு அது நிரந்தரமாகிவிட்டது. என்னோடு வேலை செய்த பெண் ஒருத்தி ஒரு முறை வீட்டுக்கு வந்தாள். "வாம்மா, சாப்பிட்டியா?" என்று அவளை வரவேற்றார். பக்கத்தில் நின்ற என்னிடம், "கொடை எடுத்துட்டுப் போகலயா?" என்றார். வெளியே நல்ல வெயில். எதையாவது கேட்க வேண்டுமே என்று கேட்ட கேள்வி அது. பஸ் கூட்டமா, வேலை அதிகமா, செருப்பு கடிக்கிறதா என்று தினமும் எதையாவது தேடிப் பிடித்துக் கேட்பார். தேடுவது முகத்திலேயே தெரியும்.

என் கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவர் என்ற முறையில் பந்தியில் இலை இலையாக நின்று உபசரித்துக்கொண்டு வந்தார். "கூச்சப்படாம சாப்பிடுங்க. தம்பி, இந்த எலைக்குச் சோறு." நானும் என் கணவரும் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தார். "மாப்ள, ரசம் ஊத்தச் சொல்லவா?" என்று குனிந்து கேட்டார். பிறகு என் இலை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, என் முதுகுக்குப் பின்னால் நடந்து, அந்தப் பக்கத்து இலைக்குப் போய்விட்டார். என் கணவர் வீட்டார் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டார்கள், தகப்பனுக்கும் மகளுக்கும் ஏதோ மனஸ்தாபம் என்று. நான் விளக்கம் சொல்லவில்லை. வெகுநாளைக்குப் பிறகு எனக்கு அழுகை வந்தது அன்றுதான். கல்யாணப் பெண் அழுவது வழக்கம்தானே என்று யாரும் பொருட்படுத்தவில்லை.

நானே சொல்லியிருக்கலாம். கேளுங்கப்பா, எனக்கு ஒன்றும் ஆகாது என்று. வாயில் வரவில்லை. எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் பேசிப் பழக்கமில்லை.

அறுபதுகளின் கடைசியில் அப்பாவுக்கு வாயில் புண் வந்தது. புகையிலை தந்த புண். ஆறவில்லை. தாடை வீங்கி, வாய் திறக்க முடியாமல் போய், மூக்கு வழியாகக் குழாய் வைத்துக் கஞ்சி ஊற்றினார்கள். மெஸ்ஸை அதற்கு முன்பே மூடியாகிவிட்டது. அலுவலகம் விட்டதும் நான் நேரே ஆஸ்பத்திரிக்குப் போவேன். பேச்சு குழறும். அந்தக் குழறலிலும் பக்கத்துக் கட்டிலுக்கு வருகிறவர்களிடம், துடைப்பம் எடுத்து வருகிற ஆயாவிடம், சாப்பிட்டீங்களா என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர் வாயிலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்க எல்லாருக்கும் கஷ்டமாக இருந்தது. சாப்பிட்டோம் என்று அவசரமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

ஒரு நாள் மாலை நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்தார். வழக்கம்போல எதையோ தேடினார். பஸ், மழை, செருப்பு. அன்று அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். இவர் போவதற்குள் என்னிடம் ஒரு தடவை கேட்கமாட்டாரா என்று எனக்கு இருந்தது. வருகிற வழியில் ஒரு கடையில் உட்கார்ந்து இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். பொய்யில்லை, நிஜமாகவே சாப்பிட்டிருந்தேன், முழுசாக.

"அப்பா, நான் சாப்பிட்டுட்டேன்," என்றேன்.

அவர் கண்களில் பயம் வந்தது. கட்டிலில் கை ஊன்றி எழப்பார்த்தார். மூக்கிலிருந்த குழாய் ஆடியது. நான் தோளைப் பிடித்துப் படுக்கவைத்தேன். என் கையைப் பற்றிக்கொண்டு, தப்புச் செய்துவிட்டோமோ என்கிற முகத்தோடு, குழறிக் குழறிச் சொன்னார்.

"நான் ஒண்ணும் கேக்கலயேம்மா... நான் கேக்கவே இல்லயே..."

"இல்லப்பா," என்றேன். "நீங்க கேக்கல."